சேதி போகாத உடம்பு

அக்கா யார் கையிலும் எதையும் கொடுக்க மாட்டார். கத்தரிக்கோல் கேட்டால் மேசைமேல் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார். "வெச்சிட்டேன், எடுத்துக்கம்மா" என்பார். செய்யாரில் ஒரு ஷூ கம்பெனியில் அவரோடு ஒரே லைனில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அவர் பேசிய மற்ற பேச்செல்லாம் மறந்துபோனாலும் இந்த ஒன்று மறக்காது.

கம்பெனி பஸ் விடிகாலையில் சேவூரில் என்னை ஏற்றிக்கொண்டு ஆரணிக்குள் போகும். அக்கா ஆரணியில் ஏறுவார். நேராகக் கடைசி சீட்டுக்குத்தான் போவார். பையிலிருந்து வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து சீட்டின்மேல் விரித்து அதில் உட்காருவார். இறங்கும்போது துண்டை உள்பக்கமாக மடித்து ஒரு கவரில் போட்டு எடுத்துப் போய்விடுவார். சீட்டு அழுக்காக இருப்பதால் விரிக்கிறார் என்று முதல் மாதம் நினைத்தேன். தன்னால் சீட்டு அழுக்காகிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று விரிக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் படை. எல்லோருக்கும் எப்போதாவது வந்து போகிற படர்தாமரை இல்லை. பின்கழுத்தில் தொடங்கி முதுகு, இரண்டு கை, இடுப்பு என்று பரவி, சில இடங்களில் வேப்பமரப் பட்டை மாதிரித் தடித்துக் கிடந்தது. கைவிரல் நகங்களில் இரண்டு மஞ்சளாகக் கனத்திருக்கும். சித்திரை வெயிலிலும் முழுக்கை சுடிதார்தான் போடுவார், மணிக்கட்டில் பட்டன் வைத்தது. மெடிக்கலில் கொடுக்கிற ட்யூப் எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். பத்து நாள் மறையும், பதினோராம் நாள் இரண்டு மடங்காக வரும். சீமையகத்தி இலையை அரைத்துப் பூசி வேலைக்கு வந்த நாட்களில் பஸ்ஸில் பச்சிலை வாசனை அடிக்கும்.

ஆனால் அவரைப்போல் சுத்தமான மனுஷியை நான் பார்த்ததில்லை. காலையில் ஒரு குளியல், வேலை முடிந்து போனதும் ஒரு குளியல். போட்ட துணியை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உச்சி வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் மறுபடி உடுத்துவார். கேன்டீன் குழாயில் தன் சொந்த சோப்பில் கை கழுவிவிட்டு, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். பின்னால் நிற்கிறவர்கள், "ஜல்திக்கா, சோறு ஆறுது" என்று குரல் கொடுப்பார்கள். அவர் விலகி, சுவரோரம் நின்று மிச்ச விரல்களைத் துடைப்பார்.

"ஈரம் வெச்சிக்கக் கூடாதும்மா. ஈரம் இருந்தா அது வளரும்" என்பார். எப்போதும் 'அது' தான். படை என்ற சொல் அவர் வாயில் வந்து கேட்டதில்லை.

"இவ்ளோ சோப்பு போட்டும் போகலன்னா உள்ள இன்னா அழுக்கோ" என்று லைனில் ஒருத்தி சொன்னாள். சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.

அவர் வீட்டில் பட்டுத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் தம்பியும் நெய்தார்கள், அம்மாவும் தம்பி மனைவியும் நூல் சுற்றினார்கள். வீட்டிலேயே வேலை இருக்கும்போது எதற்கு இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"சேல பாக்க வர்றவங்க என் கையப் பாத்தா வாங்குவாங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். "இங்க அந்தப் பேஜார் இல்ல. ஷூவப் போடறவங்க என்னயப் பாக்கப் போறதில்ல."

கல்யாணம் பேச வந்தவர்கள் உண்டா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் மகளுக்கு மூன்று வயது முடிந்தபோது அக்கா ஒரு கவுன் தைத்துக்கொண்டு வந்தார். மஞ்சள் பருத்தித் துணி, கழுத்தில் சின்னச் சின்னப் பூ. துவைத்து இஸ்திரி போட்டு, கவரில் போட்டு, பஸ் சீட்டில் என் பக்கத்தில் வைத்துவிட்டு, "எடுத்துக்கம்மா, வெந்நீர்ல அலசித்தான் கொண்ணாந்தேன்" என்றார். பிள்ளைக்கு அளவு சரியாக இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பிள்ளையின் கழுத்தில் எட்டணா அளவுக்கு வட்டமாகச் சிவந்தது. என் மாமியார், "அந்தப் பொம்பள குடுத்த கவுனு தான?" என்று கேட்டார். அவ்வளவுதான். கவுனை அடுப்பில் போட்டேன். மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், "கொழந்த இருக்கற வீடு சார். அவங்கள வேற எடத்துல போடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றேன்.

மதியத்துக்குள் அக்காவின் மேசையை லெதர் கழிவு கொட்டுகிற பின்சுவர் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தன் பொருள்களை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துணியால் இரண்டு தடவை துடைத்தார். என்னைக் கடக்கும்போது, "நல்லா தொடச்சிட்டேம்மா" என்றார்.

எங்கள் அப்பா சின்ன வயதில் வயல் கூலிக்குப் போன வீடுகளில் அவருக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். கையில் எதையும் கொடுக்க மாட்டார்கள், தரையில் வைப்பார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்குத் தாடை இறுகிவிடும். அந்த அப்பாவுக்குப் பிறந்தவள் நான். சூப்பர்வைசரிடம் போய் நின்ற அன்று எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

சனிக்கிழமை ஆரணிக்கு வருகிற தோல் டாக்டரிடம் பிள்ளையைக் காட்டினேன். லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "வீட்ல பூனை வளக்கறீங்களா?" என்று கேட்டார். ஒரு குட்டி இருந்தது. அதன் காதுக்குப் பின்னால் முடி கொட்டியிருந்ததும் எனக்குத் தெரியும். "அதுகிட்டேந்து வந்தது. பூனைக்கு வர்ற பூஞ்சை இது" என்றார்.

கூட வேலை செய்கிற ஒருவருக்குப் பல வருடமாக உடம்பெல்லாம் இருக்கிறது, அவரிடமிருந்து வந்ததென்று நினைத்துவிட்டேன் என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"எத்தனை வருஷமா?"

"சின்ன வயசுலேந்துன்னு சொல்லுவாங்க சார்."

"சின்ன வயசுலேந்தா? அவங்கள ஒருதரம் கூட்டிட்டு வாங்க."

பிள்ளைக்குக் களிம்பு போட்டு இருபது நாளில் தழும்புகூட இல்லாமல் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள் பஸ்ஸில் எழுந்து போய்க் கடைசி சீட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலோடு ஒட்டி நகர்ந்துகொண்டார்.

"அக்கா, உங்கள மாத்தச் சொன்னது நான்தான்."

"தெரியும்மா."

வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "கொழந்தைக்கு ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சுக்கா."

"எத்தினி நாள்ல?"

"இருவது நாள்ல."

"இருவது நாள்ல" என்று அவரும் சொன்னார். வண்டி ரொம்ப தூரம் போனபிறகு, "எனக்கு இருவத்தி ஏழு வருஷம்" என்றார்.

தோல் டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். வார லீவில் நானும் கூடப் போனேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கையில் கொஞ்சம் சதை வெட்டி எடுத்தார்கள். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு புது டாக்டர், ஒரே கேள்வி: "தினமும் குளிக்கிறீங்களா?" அக்காவும் ஒவ்வொரு தடவையும், "ரெண்டு வேளங்க" என்று முதல் தடவை சொல்வதுபோலவே பதில் சொன்னார்.

கடைசியாகப் பார்த்த பெண் டாக்டர் அதைக் கேட்கவில்லை. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார்.

"அண்ணன் ஒருத்தன் இருந்தான். ஒம்பது வயசுல போயிட்டான். மூளக் காய்ச்சல்னு சொன்னாங்க."

"அவருக்கும் படை இருந்துச்சா?"

"தலையில இருந்துச்சிங்க. வாய்ல வெள்ளவெள்ளையா இருந்துகினே இருக்கும்."

"அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?"

"எங்கம்மாவத் தாய்மாமனுக்கே குடுத்தாங்க."

டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்து வட்டம் ஒன்று வரைந்தார். வட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொக்கிகள் போட்டார்.

"நம்ம ரத்தத்துல, தோல்ல எல்லாம் காவல் செல் இருக்கும்மா. அதுமேல இந்தக் கொக்கி மாதிரி இருக்கறது ரிசப்டர். பூஞ்சைக்குச் சுவர் ஒண்ணு இருக்கு. அந்தச் சுவர்ல ஒரு சர்க்கரை இருக்கு. மனுஷ உடம்புல அந்தச் சர்க்கரை கிடையாது. அதனால ரிசப்டர் அதைத் தொட்டதுமே இது நம்ம ஆள் இல்லைன்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சா போதுமா? செல்லுக்கு உள்ள சேதி போகணும். சேதி போனாதான் அது மத்த செல்லை எல்லாம் கூப்பிடும். அதுங்க வந்து பூஞ்சையைத் தின்னு தீக்கும். அந்தச் சேதியக் கொண்டுபோக ஒரு புரோட்டீன் இருக்கு. உங்களுக்கு அது பிறவிலேயே வேலை செய்யல."

அக்கா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அதுக்குத் தெரியுதுங்களா?"

"தெரியுது. தொட்டுக் கண்டுபிடிச்சிடுது. ஆளக் கூப்பிட முடியல."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "கொரோனா வந்தப்ப லைனே படுத்துச்சிங்க. இவங்க மூணு நாள்ல எழுந்துட்டாங்களே."

"அது வைரஸ். அதைக் கண்டுபிடிக்கற ரிசப்டர் வேற, சேதி போற வழியும் வேற. அதெல்லாம் இவங்களுக்கு நல்லாவே இருக்கு. பூஞ்சைக்கு உண்டான இந்த ஒரு வழிதான் அறுந்திருக்கு. அம்மாகிட்டேந்து பாதி, அப்பாகிட்டேந்து பாதி. ரெண்டும் சேர்ந்ததால வந்தது."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப இது சுத்தம் இல்லாததால வந்தது இல்லீங்களா?"

"இல்லம்மா."

"நான் இன்னும் நல்லாக் குளிச்சிருந்தா?"

"எவ்வளவு குளிச்சாலும் இது வந்திருக்கும்."

அக்கா தலையாட்டினார். பிறகு, "அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். டாக்டருக்குத் தமிழ் எழுதிப் பழக்கமில்லை போலிருக்கிறது. எழுத்துக் கூட்டி, நின்று நின்று எழுதினார். 'இந்த நோய் சுத்தக் குறைவால் வந்தது அல்ல.' கீழே கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார்.

தினமும் மாத்திரை, நிறுத்தவே கூடாது என்றார். மற்றவர்கள் உடம்பு பூஞ்சையை விரட்டிவிடும், ரொம்பப் பயந்து ஒதுங்கியிருக்க வேண்டாம் என்றார். கடைசியாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஒன்று சொன்னார். "தலைவலி வந்து ரெண்டு நாளுக்கு மேல இருந்தா, எந்த வேலையா இருந்தாலும் விட்டுட்டு இங்க வந்துடணும். இது மூளைக்குப் போகக்கூடிய நோய்." நான் அதைக் கேட்டேன். என் காதால் கேட்டேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் அக்கா கொய்யாப்பழம் வாங்கினார். கடைக்காரர் நாலாகக் கீறி மிளகாய்த் தூள் தடவிக் கொடுத்தார். ஒரு துண்டைப் பிய்த்து என் கையில் வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தார். நான் வாயில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அண்ணன் இறந்தபிறகு அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டதாம். பிள்ளையைச் சுத்தமாக வைத்திருந்தால் சாமி விட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பீர்க்கங்கா நாரு வெச்சித் தேய்க்கும். ரத்தம் வரும். நான் அழுவேன். அதுவும் அழுதுகினே தேய்க்கும்" என்றார். "பாவம், அதுக்கு இன்னா தெரியும்."

ஆரணியில் இறங்கியதும் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அந்தக் காகிதத்தை லேமினேஷன் போட்டுக்கொண்டார். கம்பெனி அடையாள அட்டைக்குப் பின்னால் அது எப்போதும் இருக்கும். ஒரு நாள் பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தெரியாமல் கடைசி சீட்டில் உட்கார்ந்து, யாரோ கண் காட்டியதும் எழுந்து முன்னால் போனாள். எனக்குக் கோபம் வந்தது. "அந்தப் பேப்பரக் காட்டுங்கக்கா" என்றேன்.

"வேணாம்மா. ஊருக்குக் காட்டவா வாங்கினேன்? எனக்கே அப்பப்ப சந்தேகம் வருது. எடுத்துப் படிச்சிக்குவேன்" என்றார்.

சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொல்லி மேசையைப் பழைய இடத்துக்கு மாற்றக் கேட்டேன். அவர் சரியென்றார். அக்காதான் வரவில்லை. "இங்க ஜன்னலு இருக்குது, காத்து வருது" என்று சொல்லிவிட்டார். நான் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு மாறிக்கொண்டேன். இரண்டு குளியல் குறையவில்லை. வெந்நீர், இஸ்திரி எதுவும் குறையவில்லை. "காரணம் தெரிஞ்சா பழக்கம் போயிடுமா?" என்று சிரித்தார்.

ஏழு மாதம் இப்படிப் போனது. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் பஸ்ஸில் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு வந்தார். என்னவென்று கேட்டேன்.

"வெயிலும்மா. எனக்கு மட்டுமா, எல்லாருக்கும்தான் இடிக்குது."

பசை வாசனைக்கு எங்கள் லைனில் பாதிப் பேருக்குத் தலைவலி உண்டு. ஆர்டர் முடிக்க வேண்டிய வாரம் அது. எல்லோரும் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தோம், யாருக்கும் லீவு கிடையாது. மறுநாளும் தைல வாசனை வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. டாக்டர் சொன்னது எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. "வேலூருக்கு ஒருதரம் போயிட்டு வரலாமாக்கா?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்றார். நானும் சரியென்று விட்டுவிட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் மேசைமேல் சாய்ந்தவர் எழவில்லை. கம்பெனி ஆம்புலன்ஸில் வேலூருக்கு நான்தான் கூடப் போனேன். பூஞ்சை மூளைக்குப் போய்விட்டது என்று அதே பெண் டாக்டர் சொன்னார். "படைக்குக் காரணமான பூஞ்சை இல்ல, இது வேற. எல்லார் வாய்லயும் குடல்லயும் சும்மா இருக்கறதுதான். நமக்கெல்லாம் அது ஒண்ணும் பண்ணாது. இவங்க உடம்பால அதை அங்க போய் அடிக்க முடியல." மருந்தை மாற்றினார்கள். ஊசியாக ஏற்றினார்கள். நாலாம் நாள் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னைப் பார்த்து, "ஆர்டர் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை. பத்தாம் நாள் காலையில் போய்விட்டார்.

ஆரணி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் புடவை கட்டி மறைத்து, பெஞ்சு போட்டு, குளிப்பாட்டத் தண்ணீர் வைத்திருந்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மறைப்புக்கு வெளியே நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர யாரும் சொம்பை எடுக்கவில்லை. தம்பி மனைவி புடவையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். அம்மா சுவரைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை.

நான் உள்ளே போய்ச் சொம்பை எடுத்தேன்.

"இது எந்த ஊருப் பொண்ணு?" என்று ஒரு பெரியம்மா கேட்டார்.

"சேவூரு" என்றேன்.

"சேவூர்ல எந்தப் பக்கம்?"

எதற்குக் கேட்கிறார் என்று எனக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பதில் சொல்வதற்குள் அம்மா, "என் பொண்ணு கூட வேல செய்ற பொண்ணு. அது ஊத்தட்டும்" என்றார். தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அம்மா மறைப்புக்குள் வந்தார்.

ஆஸ்பத்திரித் துணியைக் கத்தரித்து எடுத்தேன். அங்கே கழுத்துவரை போர்த்தியே வைத்திருந்தார்கள். ஆறு வருடத்தில் அந்தக் கைகளை மணிக்கட்டுக்கு மேல் நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, மணிக்கட்டு பட்டன் கழன்று சுடிதார் கை மேலே ஏறிய ஒரு நொடி. அன்று கண்ட மரப்பட்டைதான் இருக்கும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் கையைத் தூக்கினேன். பட்டை இல்லை. தோளிலிருந்து முழங்கைவரை உதிர்ந்து போயிருந்தது. அந்த இடத்தில் மெல்லிய புதுத்தோல் வந்திருந்தது, வெளிர் நிறத்தில், மினுமினுவென்று. இன்னொரு கையிலும் அப்படியே. முதுகில் பாதிக்குமேல் ஆறியிருந்தது. ஏழு மாத மாத்திரை வேலை செய்திருக்கிறது.

அம்மா அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எப்பம்மா ஆறிச்சி?" என்று என்னைக் கேட்டார். "எங்கிட்ட சொல்லவே இல்லியே."

தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போயிருக்கிறேன். எனக்கும் சொன்னதில்லை.